10.9, 12.9 போல்ட்டுகளுக்கு எந்தப் பூச்சு: ஹைட்ரஜனை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ அரசூரிலோ போல்ட்டும் ஸ்டட்டும் செய்து தரும் ஒரு சிறு பட்டறைக்கு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்காகவோ, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளுக்காகவோ, நூற்பாலை இயந்திரங்களுக்காகவோ 10.9 அல்லது 12.9 தரத்தில் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்கள் இவை; எண் கூடினால் வலிமையும் கடினமும் கூடும்) ஆர்டர் வரும்போது, துருப்பிடிக்காத பூச்சு வேண்டும் என்ற ஒரு வரியும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த வரியை நிறைவேற்றப் பல வழிகள் உள்ளன. மின்சாரத்தால் துத்தநாகம் படியவைக்கும் ஜிங்க் பிளேட்டிங் செய்து ஓவனில் வைத்து எடுக்கலாம். ஜிங்க் ஃபிளேக் பூச்சுக்கு அனுப்பலாம். மெக்கானிக்கல் பிளேட்டிங் செய்யலாம். பிளாக்கோடைசிங் செய்து எண்ணெய் தடவிக் கொடுக்கலாம். பெரிய அளவுகளில், உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங்கும் உண்டு. வழக்கமாக இந்தத் தேர்வைக் கிலோவுக்கு என்ன விலை என்ற கேள்வியே முடித்துவிடுகிறது. எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் எந்த வெப்பநிலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பார்த்து, விலையை அதற்குப் பிறகு பார்ப்பதே சரியான வரிசை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஏனென்றால் இந்த வழிகளுக்கு இடையிலுள்ள உண்மையான வேறுபாடு பூச்சின் நிறத்திலோ தடிமனிலோ இல்லை, அவை ஹைட்ரஜனை உள்ளே விடுகின்றனவா, விட்டால் வெளியே போக வழி வைக்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது.

துருவையும் செதிலையும் நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போல்ட்டுகளை முக்கும்போதும், பிளேட்டிங் தொட்டியில் அவை எதிர்மின்வாயாகத் தொங்கும்போதும் அல்லது பேரலில் உருளும்போதும், எஃகின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் தனி அணுக்களாகப் பிறக்கிறது. அவற்றில் பெரும்பகுதி இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகக் கிளம்பிவிடும். சேராத ஒரு பகுதி, இரும்பின் அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. 1875-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வில், அமிலத்தில் நனைந்த இரும்புக் கம்பி எளிதில் முறிவதையும், சில நாட்கள் சும்மா வைத்திருந்தால் அந்தக் குறை நீங்குவதையும், சூடேற்றினால் விரைவாக நீங்குவதையும் பதிவு செய்தார். இன்று பிளேட்டிங் பட்டறைகளில் பூசிய போல்ட்டுகளை ஓவனில் சூடாக வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் பேக்கிங் என்ற வேலையின் அடிப்படை முழுவதும் அந்தப் பழைய கவனிப்பில் அடங்கியிருக்கிறது.

வெப்பநிலைக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள உறவில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எவ்வளவு கரைகிறது என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது மற்றொன்று. 1600 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பு, ஒரு வளிமண்டல அழுத்தத்தில், எடையில் பத்து லட்சத்துக்குச் சுமார் 25 பங்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே இரும்பு குளிர்ந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது, அதன் படிக அமைப்பு நியாயமாக ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் அமிலமும் மின்சாரமும் சேர்ந்து உள்ளே தள்ளும் ஹைட்ரஜன் அந்த நியாயமான அளவோடு நிற்பதில்லை. மிகுதியானது படிக மணிகளின் எல்லைகளிலும், அணு அடுக்குகளின் குறைகளிலும், கார்பைடுத் துகள்களின் ஓரங்களிலும் சிக்கிக்கொள்கிறது. இவற்றைப் பொறிகள் என்று உலோகவியலார் அழைக்கின்றனர். மிகக் கடினமான எஃகை முறிக்கப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஹைட்ரஜனே போதும் என்பதால், இங்கே பேசப்படும் அளவுகள் பட்டறையில் உள்ள எந்தத் தராசுக்கும் எட்டாதவை.

நகரும் வேகம்தான் நம் முடிவுக்கு நேரடியாகப் பயன்படுவது. கடுங்குளிரில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் அப்பால், ஹைட்ரஜன் உள்ளே இருந்தாலும் விரிசலின் முனைக்கு வந்து சேர முடியாத அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. 150, 200 டிகிரிக்கு மேலே அது பொறிகளிலிருந்து விடுபட்டு, ஓரிடத்தில் தங்காமல் ஓடி, மேற்பரப்பு வழியே வெளியேறப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, நாம் வாழும் வெப்பநிலையில், நகரவும் முடிகிறது, தங்கவும் முடிகிறது. இறுக்கிய போல்ட்டில் இழுவிசை மிகுந்த இடங்களான மரையின் அடிப்பகுதியையும் தலைக்குக் கீழுள்ள வளைவையும் நோக்கி அது மெல்ல மெல்லச் சேர்கிறது. அதனால்தான் முறுக்கும்போது உடையாத போல்ட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, யாரும் தொடாத நேரத்தில், தலை தெறித்து விழுகிறது. மார்கழி விடியலின் 18 டிகிரியும் சித்திரை நண்பகலின் 38 டிகிரியும் இந்த ஆபத்தான இடைவெளிக்குள்ளேயே அடங்குவதால், கொங்கு நாட்டில் பருவத்தைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லை.

இதை ஒரு தோராயக் கணக்கால் பார்க்கலாம். ஒரு பொருளின் மையத்திலிருந்து ஹைட்ரஜன் வெளியேறப் பிடிக்கும் நேரம், அதன் ஆரத்தின் வர்க்கத்தை, ஹைட்ரஜன் எஃகுக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் குறிக்கும் பரவல் கெழுவால் வகுத்தால் கிடைப்பதற்கு நெருக்கமாக இருக்கும். பொறிகள் நிறைந்த கடினமான எஃகில், அறை வெப்பநிலையில், அந்தக் கெழுவை நொடிக்கு ஒரு சதுர மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 100 மணி நேரம் வருகிறது. 200 டிகிரியில் கெழு ஐம்பது மடங்கு கூடுவதாக எடுத்துக்கொண்டால் அது இரண்டு மணி நேரமாகக் குறைகிறது. காற்றாலைக் கோபுரத்துக்கான 36 மில்லிமீட்டர் போல்ட்டில் ஆரம் மும்மடங்கு என்பதால் நேரம் ஒன்பது மடங்காகும். 200 டிகிரியிலேயே 18 மணி நேரம். எஃகுக்கு எஃகு இந்த எண்கள் பல மடங்கு மாறும், ஆனால் விகிதம் மாறாது. சிறிய போல்ட்டுக்கு வைத்த நேரத்தையே பெரிய போல்ட்டுக்கும் வைக்கும் பழக்கம் ஏன் தவறு என்பதற்கு இந்த விகிதமே போதுமான காரணம். இவையெல்லாம் மேற்பரப்பு திறந்திருந்தால் மட்டுமே பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் துத்தநாகம் பூசிய போல்ட்டின் மேற்பரப்பு திறந்திருப்பதில்லை.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவது நல்லது. அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகைக் கெடுக்கும் என்று படித்தவர்கள், 200 டிகிரியில் போல்ட்டை வைப்பதே தீங்கு அல்லவா என்று கேட்பதுண்டு. அவர்கள் குறிப்பிடுவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் நிகழும் வேறொரு சேதம். அங்கே குழாய்க்குள் அழுத்தமான ஹைட்ரஜன் வாயு ஆண்டுக்கணக்கில் சூடாக நிற்கிறது. அது எஃகின் கார்பைடுடன் வினைபுரிந்து மீத்தேனாக மாறி, உள்ளுக்குள்ளேயே வெடிப்புகளை உண்டாக்குகிறது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் அனகார்டஸ் நகரில் ஏழு பேரைக் கொன்ற சுத்திகரிப்பு ஆலை விபத்துக்கு அதுவே காரணமாயிற்று. ஓவனில் சில மணி நேரம் இருக்கும் போல்ட்டுக்கு வெளியிலிருந்து ஹைட்ரஜன் வருவதில்லை, உள்ளே இருப்பது வெளியேறுகிறது. இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு.

எந்தப் பூச்சு என்று கேட்பதற்கு முன் எவ்வளவு கடினம் என்று கேட்க வேண்டும். 8.8 தரப் போல்ட்டின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 250-லிருந்து 335 வரை, 10.9-க்கு 320 முதல் 380, 12.9-க்கு 385 முதல் 435. மின்முலாம் பூசிய போல்ட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 4042-இன் 2018 பதிப்பு, 390 விக்கர்ஸுக்கு மேற்பட்டவற்றையே சிறப்புக் கவனத்துக்கு உரியவையாகக் கொள்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1941 ராக்வெல் சி அளவில் 39 என்று சொல்வதும் ஏறக்குறைய அதே இடம்தான். 8.8 இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதற்கு ஜிங்க் பிளேட்டிங் செய்வதில் ஹைட்ரஜன் சார்ந்த தயக்கம் தேவையில்லை, பேக்கிங்கும் தேவையில்லை. அதில் செலவழிக்கும் மின்சாரம் வீண். 12.9 எல்லையின் மேலேயே அமர்ந்திருக்கிறது. சிக்கலானது 10.9: ஏட்டின்படி எல்லைக்குள், நடைமுறையில் எல்லையின் விளிம்பில். ஹீட் ட்ரீட்மென்ட் கடையில், கடினப்படுத்திய எஃகை மறுபடி சூடாக்கிப் பதமாக்கும் டெம்பரிங் கொஞ்சம் குறைந்தாலோ, உலையின் வாயுச் சூழலில் கரிமம் மிகுந்து மேற்பரப்பு மட்டும் கூடுதலாகக் கடினப்பட்டாலோ, 10.9 என்று முத்திரை குத்திய போல்ட்டின் தோல் 12.9 போல நடந்துகொள்ளும். 10.9 போல்ட்டின் மேற்பரப்புக் கடினம் 390-ஐத் தாண்டக்கூடாது என்றும், மையத்தைவிட 30-க்கு மேல் கூடியிருக்கக்கூடாது என்றும் ஐஎஸ்ஓ 898-1 விதிப்பதன் காரணம் இதுவே. பூச்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாளர் ஒருவர் முதலில் செலவிட வேண்டிய பணம், குறுக்கே வெட்டித் தேய்த்த மாதிரி ஒன்றின் கடினத்தைத் தோலிலும் மையத்திலும் அளந்து பார்ப்பதற்கே என்பது என் கருத்து. மற்ற எல்லாச் செலவையும்விட அது குறைவு.

இனி ஜிங்க் பிளேட்டிங். கொங்கு மண்டலத்தில் எளிதில் கிடைப்பது இதுவே; விலை குறைவு, பளபளப்பு நன்று, சிறு லாட்டையும் எடுத்துக்கொள்வார்கள். ஹைட்ரஜனின் கோணத்தில் பார்த்தால் இதைப்போல் இடையூறு நிறைந்த முறை வேறில்லை. அமிலத்தில் ஒரு முறை, தொட்டியில் ஒரு முறை என இரண்டு தடவை ஹைட்ரஜன் உள்ளே போகிறது. பிறகு அதன்மேல் துத்தநாகம் மூடி போட்டுவிடுகிறது. மூடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கடினம் வெளியேறுவது. அல்கலைன் தொட்டியில் மின்சாரத்தின் கணிசமான பகுதி துத்தநாகத்தைப் படியவைப்பதற்குப் பதிலாக ஹைட்ரஜனை உண்டாக்குவதில் போகிறது. அமில குளோரைடு தொட்டியில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு, ஆனால் அதில் படியும் பளபளப்பான அடுக்கு நெருக்கமானது, எளிதில் ஹைட்ரஜனை விடாது. ஆகவே அமிலத் தொட்டியே பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. இரண்டிலும் பெரிய குற்றவாளி பெரும்பாலும், முதலில் துரு நீக்கும் பிக்ளிங் அமிலமாகவே இருக்கிறது. துரு போகவில்லை என்று போல்ட்டுகளை அமிலத்தில் கூடுதல் நேரம் போட்டு வைப்பது, பின்னால் எத்தனை மணி நேரம் பேக்கிங் செய்தாலும் சரிக்கட்ட முடியாத தவறாகலாம். 10.9-ஐ பிளேட்டிங்குக்கு அனுப்புவோர் அமிலத்துக்குப் பதிலாக, சிறு உலோக மணிகளை வேகமாக வீசிச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கையும், தவிர்க்கவே முடியாவிட்டால் எஃகை அமிலம் தின்னாமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் கலந்த அமிலத்தில் மிகக் குறுகிய நேரத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

பேக்கிங்கின் விதிகள் நன்கு அறியப்பட்டவை. துத்தநாகம் பூசிய எஃகுக்கு 190 முதல் 220 டிகிரி. பூசிய பின் விரைவில், நான்கு மணி நேரத்துக்குள், ஓவனுக்குள் போக வேண்டும். ஏஎஸ்டிஎம் பி850 என்ற தரக்குறிப்பு, 1000 முதல் 1100 மெகாபாஸ்கல் இழுவலிமை உள்ள எஃகுக்கு 8 மணி நேரத்தில் தொடங்கி, வலிமை கூடக் கூட நேரத்தையும் கூட்டிக்கொண்டே போய் 20 மணி நேரத்தைத் தாண்டுகிறது. 10.9, 12.9 போல்ட்டுகளை, எஃகின் வகையைப் பொறுத்து, 380 அல்லது 425 டிகிரிக்குக் குறையாமல் டெம்பர் செய்திருப்பார்கள் என்பதால் 200 டிகிரி அவற்றின் வலிமையைத் தொடாது. மேல்தோலை மட்டும் கடினப்படுத்தி மிகக் குறைந்த வெப்பத்தில் டெம்பர் செய்த பாகங்களுக்கு இந்த உறுதி இல்லை. அவற்றுக்கு ஓவன் வெப்பத்தை டெம்பரிங் வெப்பத்துக்குக் கீழே தனியாக நிர்ணயிக்க வேண்டும். பேக்கிங் எப்போதும், துத்தநாகத்தின்மேல் நிறமுள்ள காப்புப் படலம் ஏற்றும் குரோமேட் பாசிவேஷனுக்கு முன்னால் வர வேண்டும், ஏனெனில் பழைய வகை மஞ்சள் குரோமேட் படலம் 70 டிகிரியைச் சுற்றியே ஈரம் இழந்து வெடித்துத் தன் காவலைக் கைவிட்டுவிடும். நிறம் ஏற்றி முடித்த சரக்கை, நினைவு வந்தபின் ஓவனில் தள்ளினால் இரண்டு வேலையும் கெடும்.

விதிகளைவிட அவற்றை நடத்தும் கைகளே இங்கு முக்கியம். நம் பகுதியின் தொழில் அமைப்பில் ஒரு போல்ட்டை ஒருவர் உருட்டுகிறார், இன்னொருவர் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறார், மூன்றாமவர் பிளேட்டிங் செய்கிறார். மூன்றும் ஜாப் ஒர்க். பிளேட்டிங் கடையில் ஓவன் இல்லாவிட்டால், பூசிய சரக்கு டெம்போவில் ஏறி வேறொரு வளாகத்துக்குப் போக வேண்டும், அந்த நான்கு மணி நேரம் அவிநாசி சாலையின் நெரிசலிலேயே கரைந்துவிடக்கூடும். காலதாமதம் ஏன் தீங்கு என்றால், உருட்டலும் வெப்பப் பதனமும் போல்ட்டுக்குள் விட்டுச்சென்ற உள் இழுவிசையே சில இடங்களில் ஹைட்ரஜனைச் சேர்த்து நுண்ணிய விரிசலைத் தொடங்கிவிடக்கூடும்; தொடங்கிய விரிசலை எந்த ஓவனும் ஒட்டவைக்காது. ஓவன் இருக்கும் கடையிலும், பெட்டியில் குவித்த போல்ட்டுகளின் நடுப்பகுதி 200 டிகிரியை அடையப் பல மணி நேரம் ஆகலாம். கதவருகே இருக்கும், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் காட்டும் எண் அந்த நடுப்பகுதியுடையதாக இருக்காது. குவியலின் நடுவே ஒரு தெர்மோகப்பிளைச் செருகி, அது 190-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். மின்தடை வந்தால் அந்த இடைவெளியைக் கழித்துவிட வேண்டும்.

பேக்கிங்கின் செலவு மின்கட்டணம்தான் என்று பலர் எண்ணுகின்றனர். 500 கிலோ எஃகை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுசெல்லத் தேவையான வெப்பம், கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு அரை கிலோஜூல் என்று கொண்டால், 42,500 கிலோஜூல். அதாவது ஏறத்தாழ 12 யூனிட். ஓவனின் சுவர் வழியே போகும் இழப்பைச் சேர்த்தாலும் அது தாங்கக்கூடிய தொகையே. உண்மையான செலவு, ஒரு நாள் முழுதும் ஓவன் வேறு வேலைக்குக் கிடைக்காமல் போவதும், சரக்கு ஒரு நாள் தாமதமாவதும். அதனால்தான் 8 மணி நேரம் என்று கேட்ட பேக்கிங், அவசர நாட்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கும் சபலம் எழுகிறது. போல்ட்டைப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குறைவான பேக்கிங்கில், அடர்ந்த துத்தநாக அடுக்கின் கீழ், ஹைட்ரஜன் வெளியேறாமல் எஃகுக்குள்ளேயே ஒரு பொறியிலிருந்து ஆழமான இன்னொரு பொறிக்கு இடம் மாறி அடங்குவதும் உண்டு. அதனால் கொஞ்சம் நன்மை கிடைக்கலாம், ஆனால் அதை முழு விடுதலை என்று வாங்குபவரிடம் சொல்வது சரியல்ல.

ஜிங்க் ஃபிளேக் முறையில் இந்தச் சிக்கலின் வேர் வெட்டப்படுகிறது. துத்தநாகத் தகடுத் துகள்களும் அலுமினியத் துகள்களும் கலந்த திரவத்தில் போல்ட்டுகளை முக்கி, கூடையில் சுழற்றி மிகுதியை உதறி, சூளையில் இறுக வைப்பார்கள். தொட்டியில் மின்சாரம் இல்லை. சுத்தம் செய்வது ஷாட் பிளாஸ்டிங்கால் என்பதால் அமிலமும் இல்லை. பூச்சு வகையைப் பொறுத்து இறுகும் வெப்பம் 200-லிருந்து 320 டிகிரி வரை இருக்கும். நுழைய வழியில்லாத ஹைட்ரஜனை வெளியேற்றவும் வேண்டியதில்லை. 8, 10 மைக்ரான் தடிமனிலேயே உப்புத் தெளிப்புச் சோதனையில் பல நூறு மணி நேரம் நிற்கும் இப்பூச்சு, அதே தடிமனுள்ள மின்முலாமைவிட வெகுவாக மேம்பட்டது. இன்னொரு நன்மையை வாங்குபவர்கள் போதிய அளவு மதிப்பதில்லை: உராய்வு ஒரே சீராக இருப்பதால், டார்க் ரெஞ்சில் வைத்த அளவுக்கு உரிய இறுக்கம் ஒவ்வொரு போல்ட்டிலும் கிடைக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் இரவு பகலாக ஆடும் கோபுரத்தின் இணைப்பில் அது சிறிய விஷயமல்ல.

குறைகளும் உண்டு. கிலோவுக்கான விலை கூடுதல். குறைந்தபட்ச லாட் அளவு கேட்பார்கள், ஐம்பது கிலோ சரக்கோடு போய் நிற்க முடியாது. சிறிய மரைகளிலும் ஆலன் தலையின் குழியிலும் திரவம் தேங்கி அடைத்துக்கொள்ளும் என்பதால் 6 மில்லிமீட்டருக்குக் கீழே இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் மந்தமான சாம்பல். பளபளப்பைத் தரத்தின் அடையாளமாகக் கருதும் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சுற்றுச்சூழல் கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். நொய்யலில் கலந்த சாயக் கழிவுக்காக 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த மண் இது. அமிலமும் குரோமியமும் கலந்த கழிவுநீரை வெளியேற்றும் எந்தத் தொழிலுக்கும் இங்கே வருங்காலம் எளிதல்ல. பிளேட்டிங் கடையை நம்பி நீண்டகால ஒப்பந்தம் போடுபவர் அதன் கழிவுநீர் ஏற்பாட்டையும் விசாரிப்பது நல்லது.

மெக்கானிக்கல் பிளேட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சுழலும் பீப்பாயில் கண்ணாடி மணிகளும் துத்தநாகப் பொடியும் சேர்ந்து போல்ட்டின்மேல் துத்தநாகத்தை அடித்து ஒட்டவைக்கின்றன. மின்சாரம் இல்லாததால் ஹைட்ரஜன் மிகக் குறைவு, படியும் அடுக்கும் நுண்துளை உள்ளது. உள்ளே போன சிறிதளவும் தானே வெளியேறிவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர், கடினமான கிளிப் போன்ற சிறிய பொருட்களுக்கு இது நல்ல வழி. கனமான போல்ட்டுகள் பீப்பாயில் ஒன்றையொன்று அடித்து மரையைக் கெடுத்துக்கொள்ளும் என்பதால் நம் கேள்விக்கு இது முழு விடையாகாது.

பிளாக்கோடைசிங் மலிவானது, எளிமையானது. 140 டிகிரி அளவில் கொதிக்கும் காரக் கரைசலில் போல்ட்டின் மேற்பரப்பே கரும் ஆக்சைடாக மாறுகிறது. முன்னால் அமிலத்தில் முக்காதவரை ஹைட்ரஜன் பயம் ஏறக்குறைய இல்லை. கடையில் வாங்கும் 12.9 ஆலன் போல்ட்டுகள் பெரும்பாலும் கறுப்பாகவே இருப்பது தற்செயலான நாகரிகம் அல்ல. ஆனால் துருவிலிருந்து காப்பது ஆக்சைடு அல்ல, அதன்மேல் உள்ள எண்ணெயே. இயந்திரத்தின் உள்ளே, எண்ணெய் படும் இடத்தில், கியர் பெட்டியில் இது போதும். மழையில் நிற்கும் ரிக்கின் மாஸ்ட்டுக்கு இது போதாது. ஜிங்க் பாஸ்பேட் பூச்சையும் இதே வகையில் வைக்கலாம். அதன் அமிலத்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் புகுந்தாலும், துளைகள் நிறைந்த அந்தப் படலம் அதைத் தடுப்பதில்லை, மிதமான வெப்பத்திலோ சில நாட்கள் கிடப்பில் போட்டாலோ கூட அது வெளியேறிவிடும்.

கால்வனைசிங்கைப் பற்றிப் பேசும்போது சான் பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் விரிகுடாப் பாலத்தின் அனுபவத்தைத் தவிர்க்க முடியாது. 2013 மார்ச்சில் அங்கே இறுக்கப்பட்ட 96 நங்கூரத் தண்டுகளில் 32 சில நாட்களுக்குள் முறிந்தன. அவை சுமார் 75 மில்லிமீட்டர் தடிமனானவை, கால்வனைஸ் செய்யப்பட்டவை, தரத்தில் நம் 10.9-க்கு நெருக்கமானவை. இறுக்குவதற்கு முன் பல ஆண்டுகள் குழிகளில் மழைநீர் தேங்கக் கிடந்தவை. ஹைட்ரஜன் பூச்சு வேலையின்போது மட்டும் வருவதில்லை என்பதை இது காட்டுகிறது: துத்தநாகம் எஃகுக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும்போது, எஃகு வெளிப்பட்டிருக்கும் கீறல்களில் ஹைட்ரஜன் பிறந்துகொண்டே இருக்கிறது. ஃபிளேக் பூச்சும் இதிலிருந்து முற்றிலும் தப்பியதல்ல. 450 டிகிரி துத்தநாகக் குளியலின் சூடு, அமிலத்தில் புகுந்த ஹைட்ரஜனைப் பொறிகளிலிருந்து கிளப்பிவிட்டு, அது வெளியேறும் முன்பே தடித்த துத்தநாகத்தால் மூடிவிடுகிறது என்பது கூடுதல் இடர். 12.9-க்குக் கால்வனைசிங் கூடாது. 10.9-க்குச் செய்யலாம், அமிலத்தைத் தவிர்த்து ஷாட் பிளாஸ்டிங் செய்தால். மேற்பரப்புக் கடினத்தைச் சரிபார்த்தால். மாட்டும்வரை சரக்கைத் தண்ணீர் தேங்காமல் வைத்தால்.

எல்லா வழிகளையும் அடுக்கிவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றை நான் முதலில் வைக்க விரும்புகிறேன்: தரத்தைக் குறைத்து அளவைக் கூட்டுவது. 12 மில்லிமீட்டர் 10.9 போல்ட்டின் சோதனைச் சுமை, அதாவது நிரந்தரமாக நீளாமல் அது தாங்க வேண்டிய சுமை, சுமார் 70 கிலோநியூட்டன். 14 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டு கிட்டத்தட்ட 67 தாங்கும், 16 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டு 91. 12 மில்லிமீட்டர் 12.9-இன் 82 கிலோநியூட்டனையும் அது தாண்டிவிடுகிறது. துளையைப் பெரிதாக்க இடமிருந்தால், வடிவமைப்பாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் ஹைட்ரஜன் என்ற பிரச்சினையையே இல்லாமலாக்கிவிடலாம்; பிறகு சாதாரண ஜிங்க் பிளேட்டிங்கும் மூன்று இணைதிறன் பாசிவேஷனும் போதும். புதிதாகச் செய்யும் இயந்திரங்களில் இதற்கு இடம் இருக்கிறது, பழைய இயந்திரத்துக்கு மாற்றுப் போல்ட்டு செய்யும்போது மட்டும் இல்லை.

இடமில்லாதபோது என் தேர்வு இப்படி அமையும். மூடிய இயந்திரத்துக்குள் போகும் 12.9-க்கும் 10.9-க்கும் பிளாக்கோடைசிங். வெயிலிலும் மழையிலும் நிற்கும் 10.9-க்கு ஜிங்க் ஃபிளேக். லாட் சிறியதாக இருந்து அது கட்டுப்படியாகாவிட்டால், பிளேட்டிங் தொட்டியும் ஓவனும் ஒரே வளாகத்தில் உள்ள கடையில் மட்டும், குவியலின் நடுவே வைத்த தெர்மோகப்பிளின் பதிவுத் தாளோடு ஜிங்க் பிளேட்டிங். வெளியில் நிற்கும் 12.9-க்கு எந்தப் பூச்சையும் மனநிறைவோடு சொல்ல முடியவில்லை. வேறு வழியே இல்லையென்றால் ஃபிளேக், அதுவும் தண்ணீர் தேங்காத இடத்தில். 12.9-க்கு மின்முலாம் வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால், விலையைச் சற்றுக் கூட்டிச் சொல்லி ஏற்றுக்கொள்வதைவிட ஆர்டரைத் திருப்பி அனுப்புவது மலிவு.

பூச்சு எதுவானாலும், 10.9-க்கும் அதற்கு மேலும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில போல்ட்டுகளை எடுத்து, தடித்த கடினமான தகட்டில் நெகிழும் எல்லைவரை இறுக்கிக் குறைந்தது 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனையை ஐஎஸ்ஓ 15330 வகுத்துத் தந்திருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தகடும் டார்க் ரெஞ்சும் பொறுமையும் போதும். ஹைட்ரஜன் தன் வேலையைச் செய்யும் வெப்பநிலை அறையின் வெப்பநிலையே என்பதால் தகட்டைச் சூளைக்கு அருகில் வைக்கக்கூடாது, விரைவில் முடிக்கவேண்டும் என்று சூடேற்றவும் கூடாது. 24 மணி நேரத்தில் ஒரு முறை மீண்டும் அதே அளவுக்கு இறுக்கி, தலையோ மரையோ விரிசல் கண்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் லாட் முழுவதும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த லாட்டை மீண்டும் ஓவனில் வைத்துத் திருப்பி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எஞ்சிய ஹைட்ரஜன் போய்விடலாம், ஆனால் உடையாமல் நின்ற போல்ட்டுகளில் எவற்றுக்குள் விரிசல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதை அந்த இரண்டாவது பேக்கிங் சொல்லாது.